பிளாஸ்டிக் வேதிப்பொருள்களும் கருவளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருமுட்டை, விந்தணு, இவற்றை உருவாக்கும் செல்கள்: இவற்றின் மீது பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் என்ன செய்கின்றன என்று பலரும் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் வரும் பதில்கள் இரண்டே வகை. ஒன்று, "இனி யாருக்கும் குழந்தையே பிறக்காது" என்று பயமுறுத்தும். இன்னொன்று, "எல்லாம் புரளி" என்று தள்ளிவிடும். இரண்டையும் நம்ப வேண்டாம். இதில் உறுதியாகத் தெரிந்த விஷயங்களே நிறைய இருக்கின்றன, அவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றுதானா? எந்த வேதிப்பொருளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒன்றில்லை. இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு குடும்பங்கள்.

முதலாவது பிஸ்பினால்கள். அதில் பெயர்பெற்றது பிஸ்பினால் ஏ, சுருக்கமாக பிபிஏ. கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை இதிலிருந்துதான் செய்கிறார்கள். உணவு டின்களின் உட்பூச்சிலும், கடையில் தரும் வழுவழுப்பான பில் காகிதத்திலும்கூட இது இருக்கும்.

இரண்டாவது தாலேட்டுகள். பிவிசி என்ற பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பான பொருள். அதை வளைய வைக்க டிஇஎச்பி போன்ற தாலேட்டுகளைச் சேர்க்கிறார்கள். சப்பாத்தி மாவில் பிசைந்த எண்ணெய் மாதிரி இவை கலந்திருக்குமே தவிர, பிளாஸ்டிக்கோடு பிணைந்திருக்காது. அதனால் நாளாக ஆகக் கசிந்து வெளியே வரும். சென்ட், நெயில் பாலிஷ், வாசனைக் கிரீம்களிலும் வேறு சில தாலேட்டுகள் உண்டு, மணமும் பூச்சும் நிலைத்து நிற்பதற்காக.

நான்ஸ்டிக் பூச்சு, எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம் போன்றவற்றில் வரும் பிஎஃப்ஏஎஸ் என்ற குடும்பமும் இருக்கிறது. அது தனிக் கதை, இங்கே எடுக்கவில்லை.

பிபிஏ ஹார்மோன் போல நடக்கும் என்பது எப்போது தெரிந்தது?

1936-லேயே தெரியும். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற மருத்துவ விஞ்ஞானி செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடிக்கொண்டிருந்தார். பல பொருள்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பிபிஏவும் ஒன்று. அது பெண் ஹார்மோன் போல வேலை செய்தது, ஆனால் வீரியம் குறைவு. அதைவிட வீரியமான டிஇஎஸ் என்ற பொருளை அவர் குழு 1938-ல் கண்டுபிடித்ததும் பிபிஏவை மருந்தாக்கும் யோசனை கைவிடப்பட்டது. 1950களில் அதே பிபிஏவிலிருந்து பாலிகார்பனேட் செய்யத் தொடங்கினார்கள். ஹார்மோன் குணம் உள்ள பொருள் என்று தெரிந்து கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து அது நம் சாப்பாட்டுப் பாத்திரமாக வந்தது. இந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

டிஇஎஸ்ஸின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். தாய்மார்களுக்கு உடனடியாக ஒன்றும் ஆகவில்லை. வயிற்றில் இருந்த பெண் குழந்தைகள் வளர்ந்த பிறகு அவர்களில் சிலருக்கு அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்தது 1971-ல் தெரியவந்தது. கருப்பை அமைப்பில் கோளாறு, கரு தங்காமை ஆகியவையும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. ஹார்மோன் போல நடக்கும் ஒரு பொருள் கருவில் செய்யும் மாற்றம் இருபது வருடம் கழித்து வெளியே தெரியலாம் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

கருமுட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் தொடர்பு இருப்பது எப்படித் தெரியவந்தது?

ஒரு விபத்தில். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பேட்ரிசியா ஹன்ட் என்ற உயிரியலாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை வயதாக ஆகக் கருமுட்டையில் ஏன் தவறுகிறது என்பதுதான் அவர் கேள்வி. அவரது ஆய்வகத்தில் ஆரோக்கியமான எலிகளின் முட்டைகளில் குரோமோசோம்கள் ஒழுங்காக வரிசையில் நிற்காத கோளாறு 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். 1998-ல் திடீரென அது 40 சதவீதமானது. எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாத, சும்மா கூண்டில் இருந்த எலிகளிலேயே!

பல வாரம் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவ, தரை துடைக்கும் காரமான திரவத்தைத் தவறுதலாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்துப்போய் பிபிஏ கசிந்திருந்தது. ஹன்ட் அதோடு விடவில்லை. வேண்டுமென்றே கூண்டுகளை அதே திரவத்தால் கழுவிப் பார்த்தார். பிறகு பிபிஏவை மட்டும் தனியாகச் சிறு அளவில் எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார். இரண்டிலும் அதே கோளாறு வந்தது. 2003-ல் முடிவுகள் வெளியாயின.

கழுவும் திரவம் மாறினாலே பிளாஸ்டிக் இப்படிக் கசியும் என்பதை நான் முதலில் படித்தபோது, கீறல் விழுந்து மங்கிப்போன டப்பாக்களை இத்தனை நாள் யோசிக்காமல் பயன்படுத்துகிறோமே என்றுதான் தோன்றியது.

கருமுட்டைக்குள் என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள முட்டையின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் எல்லாக் கருமுட்டைகளும் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாவது மாதம் வாக்கில் அந்தச் சிசுவின் சினைப்பைகளில் சுமார் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். பிறகு புதிதாக எதுவும் உருவாவதில்லை.

ஒவ்வொரு முட்டையும் தன் 46 குரோமோசோம்களை 23 ஆகக் குறைக்க வேண்டும். இதற்கான பிரிவும் முட்டை வளர்வதும் சேர்ந்து மூன்று கட்டமாக நடக்கிறது. சிசுவின் சினைப்பையில் தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதோடு முட்டை தூங்கப் போய்விடுகிறது. பல வருடம் கழித்து, முட்டை வெடித்து வெளியேறும் மாதத்தில் விழித்துப் பிரிவைத் தொடர்கிறது. இடையில், முட்டையைச் சுற்றித் துணைச் செல்கள் கூடி ஒரு பையை அமைக்கும் கட்டமும் இருக்கிறது.

ஆய்வாளர்கள் இந்த மூன்று கட்டங்களையும் எலிகளில் பார்த்தார்கள். மூன்றிலுமே பிபிஏ குறுக்கிட்டது. 2007-ல் வந்த ஹன்ட் குழுவின் ஆய்வுதான் என்னை மிகவும் உலுக்கியது. கர்ப்பிணி எலிக்கு பிபிஏ கொடுத்தபோது வயிற்றில் இருந்த பெண் குட்டியின் சினைப்பையில் குரோமோசோம் பரிமாற்றம் மாறிப்போனது. அந்தக் குட்டி வளர்ந்த பிறகு அதன் முட்டைகளிலும் கருக்களிலும் தவறான குரோமோசோம் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. ஆக, பாட்டிக்குக் கிடைத்த பிபிஏ பேரக்குட்டிகளைத் தொட்டிருக்கிறது. "எலிதானே" என்று சொல்பவர்களுக்காக: 2012-ல் ரீசஸ் குரங்குகளிலும் இதையே பார்த்தார்கள். கருவிலிருந்த குரங்குக் குட்டியின் சினைப்பையில் முட்டை உருவாகும் ஆரம்பக் கட்டமும், முட்டைப் பை அமையும் கட்டமும் இரண்டுமே பிசகியிருந்தன.

மனிதப் பெண்களிடம் இது நிரூபிக்கப்பட்டதா?

எலியில் செய்வது போல மனிதர்களுக்கு பிபிஏ கொடுத்துப் பார்க்க முடியாது. சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, கருத்தரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும். அப்படிக் கிடைப்பது தொடர்பு, காரணத்துக்கான முழு நிரூபணம் இல்லை.

பாஸ்டனில் ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்கு வந்த தம்பதிகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2004 முதல் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். டிஇஎச்பி தாலேட்டின் எச்சம் சிறுநீரில் அதிகமாக இருந்த பெண்களிடம் எடுக்க முடிந்த முட்டைகள் குறைவு, உயிருடன் குழந்தை பிறந்ததும் குறைவு. பிபிஏ விஷயத்தில் அதே குழுவின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை: ஆரம்ப அறிக்கைகளில் முட்டை குறைவதாகத் தெரிந்தது, பெண்களின் எண்ணிக்கை கூடிய பிறகு ஐவிஎஃப் முடிவோடு தெளிவான தொடர்பு தெரியவில்லை.

பிசிஓஎஸ் வருவதற்கு பிளாஸ்டிக்தான் காரணமா?

பிசிஓஎஸ் என்பது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. அது உள்ள பெண்களின் ரத்தத்தில் பிபிஏ சற்று அதிகம் என்று கிரேக்க நாட்டு ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பிசிஓஎஸ்ஸில் ஆண் ஹார்மோன் கூடியிருக்கும், அது பிபிஏ வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். அதனால் எது காரணம், எது விளைவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பரம்பரை, எடை, இன்சுலின் ஆகியவற்றின் பங்கு நன்றாகத் தெரிந்தது. சிகிச்சையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆண்களுக்கு எப்படிப் பாதிப்பு வருகிறது?

இங்கே முதல் குற்றவாளி தாலேட்டுகள். இவை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் உற்பத்தியைக் குறைக்கின்றன. கர்ப்பிணி எலிகளுக்கு டிஇஎச்பி, டிபிபி போன்ற தாலேட்டுகளைக் கொடுத்தால் ஆண் குட்டிகளுக்கு விரை இறங்காமை, சிறுநீர்த் துளை இடம் மாறி இருப்பது, பின்னாளில் விந்தணு குறைவது எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஆய்வாளர்கள் இதைத் தாலேட் நோய்க்குறி என்றே அழைக்கிறார்கள்.

எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். மனிதக் கருவில் தோராயமாக 8 முதல் 14-வது வாரத்துக்குள் ஆண் பிறப்புறுப்பு அமைய வேண்டிய ஹார்மோன் வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் பிறகு ஈடுகட்ட முடியாது. விந்தணுக்களுக்குத் தாதி வேலை பார்க்கும் செர்டோலி செல்கள் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பெருகுகின்றன. அவை எத்தனை இருக்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் வளர்ந்த பிறகு எவ்வளவு விந்தணு உருவாக முடியும் என்பது அமையும்.

2005-ல் ஷன்னா ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வாளர், கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இருந்த தாலேட் அளவையும் பிறந்த ஆண் குழந்தைகளின் உடல் அளவையும் ஒப்பிட்டார். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் ஆண்களில் பெண்களைவிடக் கூடுதலாக இருக்கும், கருவில் கிடைத்த ஆண் ஹார்மோனின் தடயம் அது. தாலேட் அதிகமாக இருந்த தாய்மாரின் மகன்களுக்கு அந்தத் தூரம் குறைவாக இருந்தது. எலிகளில் பார்த்த அதே திசையில்தான் மனிதக் குழந்தைகளிலும்.

வளர்ந்த ஆணுக்கும் பாதிப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் திருத்தக்கூடியது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும், முதிர்ந்து வெளியே வர இன்னும் இரண்டு வாரம் போகும். எதையாவது மாற்றினால் பலன் தெரிய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

தம்பதியில் யாருடைய பங்கு அதிகம்?

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கிய 501 தம்பதிகளை 2005 முதல் 2009 வரை பின்தொடர்ந்தார்கள். கணவன், மனைவி இருவரின் சிறுநீரையும் சோதித்தார்கள். சில தாலேட்டுகள் கணவரிடம் அதிகமாக இருந்த தம்பதிகளுக்கு ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைந்தது. மனைவியின் தாலேட் அளவுக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பிபிஏ அளவும், யாரிடம் கூடியிருந்தாலும், காலதாமதத்தோடு சேரவில்லை.

நம் வீடுகளில் குழந்தை தாமதமானால் முதல் பார்வை மருமகள் மீதுதான் விழுகிறது. கோயில், நேர்த்திக்கடன், ஸ்கேன் எல்லாம் அவளுக்கு, கணவர் ஒரு விந்துப் பரிசோதனைக்குப் போகவே வருடக்கணக்கில் ஆகிறது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போவதே முறை.

உலகம் முழுக்க விந்தணு எண்ணிக்கை பாதியாகிவிட்டதாமே?

லெவின் என்ற ஆய்வாளர், மேலே சொன்ன ஸ்வான் உள்ளிட்டோர் பல நூறு ஆய்வுகளைத் திரட்டி 2017-லும் 2022-லும் வெளியிட்ட கணக்கு அது. இரண்டாவது கணக்கில் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவையும் சேர்ந்தன. 1973-ல் ஒரு மில்லிலிட்டருக்கு 10.1 கோடியாக இருந்தது 2018-ல் 4.9 கோடியானது என்கிறார்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 4.9 கோடி என்பது மலட்டுத்தன்மை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த கீழ் எல்லை 1.6 கோடிதான். ஆனால் 4 கோடிக்குக் கீழே போகப் போகக் கருத்தரிக்க எடுக்கும் காலம் நீளத் தொடங்கும், ஆகவே சராசரி அந்த விளிம்புக்கு அருகில் வருவது கவலைக்குரியதுதான். அடுத்தது, இந்தக் கணக்கு காரணத்தைத் தேடவில்லை. உடல் பருமன், புகை, வெப்பம், பூச்சிமருந்து, பிளாஸ்டிக் எல்லாமே சந்தேகப் பட்டியலில் உள்ளன. ஐம்பது வருடத்து ஆய்வுகளில் எண்ணும் முறையே வேறுவேறு என்பதால் சரிவு இவ்வளவு இருக்காது என்று சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் மீது மொத்தப் பழியையும் போட இந்த எண்களைப் பயன்படுத்துவது சரியில்லை.

"பிபிஏ இல்லாதது" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பிபிஏ இல்லை என்பதை நம்பலாம். பாதுகாப்பானது என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் பிபிஏவை எடுத்துவிட்டு அதன் உறவினர்களான பிபிஎஸ், பிபிஎஃப் போன்றவற்றைப் போட்டார்கள். வேதி அமைப்பு கிட்டத்தட்ட அதேதான்.

ஹன்ட்டின் ஆய்வகத்தில் இருபது வருடம் கழித்து அதே விபத்து மறுபடியும் நடந்தது. அவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். பாலிகார்பனேட் கூண்டுகளை எப்போதோ தூக்கிப்போட்டு, பாலிசல்ஃபோன் என்ற மாற்றுப் பிளாஸ்டிக்குக்குப் போயிருந்தார். இருந்தும் எலிகளின் முட்டை, விந்தணுக் கணக்குகள் விநோதமாக மாறத் தொடங்கின. தேய்ந்துபோன சில கூண்டுகளில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சோதித்தால் பிபிஎஸ் வந்தது. 2018-ல் வெளியான இந்த ஆய்வில், மாற்றாக வந்த பிஸ்பினால்களும் ஆண், பெண் இரு பாலிலும் குரோமோசோம் பரிமாற்றத்தைக் குலைத்தது தெரிந்தது.

ஒவ்வொரு பொருளாகத் தடை செய்து, அதன் தம்பியை உள்ளே விடும் இந்த முறையே தவறு. ஒரு குடும்பத்தை மொத்தமாகத்தான் பரிசீலிக்க வேண்டும்.

விரையில் மைக்ரோபிளாஸ்டிக் இருந்தது என்ற செய்தி உண்மையா?

உண்மை. மைக்ரோபிளாஸ்டிக் என்றால் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகக் குழு 2024-ல் 23 மனித விரைகளையும் 47 நாய்களின் விரைகளையும் சோதித்தது. எல்லாவற்றிலும் கண்டதாகச் சொன்னது, மனிதர்களிடம் நாய்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பிவிசி அதிகமாக இருந்த நாய்களுக்கு விந்தணு குறைவாக இருந்தது. மனித மாதிரிகள் பாதுகாத்து வைக்கப்பட்ட திசுக்கள் என்பதால் விந்தணுவை எண்ண முடியவில்லை. இத்தாலியில் கருமுட்டைப் பை நீரில் 18 பெண்களில் 14 பேரிடம் துகள்கள் கிடைத்தன.

அளவுகளைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆய்வகக் காற்றிலேயே பிளாஸ்டிக் தூசு உண்டு, திசுவில் உள்ள கொழுப்பைச் சில கருவிகள் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காகத் தவறாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு. துகள் உடலுக்குள் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எவ்வளவு, என்ன செய்கிறது என்பதை பிபிஏ, தாலேட் அளவுக்கு உறுதியாகச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும்.

டீக்கடை பேப்பர் கப், சூடான பார்சல், தண்ணீர் கேன்: இவற்றில் எது மோசம்?

சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம்தான் மோசம். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டித் தருவதும், டீயைக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்புவதும் என் பட்டியலில் முதலிடம்.

பேப்பர் கப்பின் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு, அது இல்லாவிட்டால் காகிதம் ஊறிவிடும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் அதில் வைத்தபோது சுமார் 25,000 நுண்துகள்கள் கலந்தன. பால் புட்டி விஷயமும் இப்படித்தான். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி 2020-ல் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால் புட்டிகளைச் சோதித்தது. ஒரு லிட்டருக்கு 1.62 கோடி துகள் வரை வந்தது, நீரின் சூடு கூடக் கூட எண்ணிக்கையும் கூடியது. தண்ணீரைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ கொதிக்கவைத்து ஆற்றி, பால் மாவையும் அதிலேயே கலக்கி, சூடு தணிந்த பிறகு புட்டிக்கு மாற்றுவது நல்லது.

20 லிட்டர் கேன்களில் இரண்டு வகை உண்டு. குளிர்பானப் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் வகையில் பிபிஏ கிடையாது. அடியில் 7 என்ற எண் இருந்து, தெளிவாகவும் மிகவும் கெட்டியாகவும் இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். ஹார்வர்டு மாணவர்கள் 77 பேர் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானம் குடித்ததற்கே சிறுநீரில் பிபிஏ 69 சதவீதம் கூடியது. சித்திரை வெயிலில் லாரியிலும் மொட்டை மாடியிலும் நிற்கும் கேனில் கசிவு கூடத்தான் செய்யும். முடிந்தால் வீட்டில் வடிகட்டிய நீரைக் குடத்திலோ மண்பானையிலோ வையுங்கள். கேன்தான் வழி என்றால், பழசாகி மங்கிய கேனை வாங்க மறுத்துவிடுங்கள்.

பழக்கத்தை மாற்றினால் உண்மையில் குறையுமா?

குறையும், அதுவும் வேகமாக. பிபிஏ உடலில் தங்குவதில்லை. சாப்பிட்டதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும், தாலேட்டுகளும் அப்படியே. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் டின், பிளாஸ்டிக் படாத புதிய உணவு கொடுத்தார்கள். பிபிஏ சராசரி 66 சதவீதம் குறைந்தது. டிஇஎச்பி எச்சங்களும் பாதிக்கு மேல் குறைந்தன.

அப்படியானால் அமெரிக்காவில் 2003-04-ல் சோதித்தவர்களில் 93 சதவீதம் பேரின் சிறுநீரில் பிபிஏ ஏன் இருந்தது? தினமும் புதிதாகப் போய்க்கொண்டே இருப்பதால்தான்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். இத்தனை நாள் பார்சல் சாப்பாடுதான். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பயப்படாதீர்கள். மேலே சொன்னவை ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் சிறு மாற்றங்கள், ஒரு குழந்தைக்கு இன்னது நடக்கும் என்ற ஜோசியம் இல்லை. நேற்றுவரை நடந்ததை விடுங்கள். இன்றிலிருந்து சூடான சாப்பாட்டை எவர்சில்வர் டிபனில் வாங்கச் சொல்லுங்கள். சென்ட், வாசனை ஸ்ப்ரே, நெயில் பாலிஷைப் பிரசவம் முடியும்வரை ஒதுக்குங்கள். கடையில் பில் போடும் வேலை என்றால், கையில் சானிடைசரோ கிரீமோ ஈரமாக இருக்கும்போது பில் காகிதத்தைத் தொடாதீர்கள், அப்போது தோல் வழியாக பிபிஏ அதிகம் ஏறும். மருத்துவமனையில் போடும் டிரிப் குழாயில் டிஇஎச்பி இருக்குமே என்று சிகிச்சையைத் தவிர்க்க மட்டும் வேண்டாம். அது உயிர் காக்கும் விஷயம்.

உடலில் பிபிஏ அளவைச் சோதிக்கலாமா? டீடாக்ஸ் மருந்து உண்டா?

ஒரு நாளில் மாறிவிடும் அளவை ஒரு முறை சோதித்துப் பயனில்லை. டீடாக்ஸ் என்று விற்கும் பொடி, டீ எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை ஏற்கனவே செய்கின்றன.

குழந்தை இல்லை. பிளாஸ்டிக்கை நிறுத்திவிட்டு ஒரு வருடம் பார்க்கலாமா?

தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கில் சுமார் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது. வயது, முட்டை வெடிக்காமை, கருக்குழாய் அடைப்பு, விரையில் ரத்தநாளம் புடைத்தல், தைராய்டு, புகைப் பழக்கம் ஆகியவை பெரிய காரணங்கள். நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோயையும் சேர்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் மருத்துவரைப் பாருங்கள், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள். பிளாஸ்டிக்கைக் குறைப்பது பக்கத்தில் நடக்கட்டும்.

அரசுகள் என்ன செய்திருக்கின்றன?

2008-ல் கனடா பால் புட்டிகளில் பிபிஏவைத் தடை செய்யப்போவதாக முதலில் அறிவித்தது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2012-ல் அமெரிக்கா. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளில் உடல் தாங்கக்கூடிய பிபிஏ அளவை 20,000 மடங்கு குறைத்தது. இதற்கு முதன்மைக் காரணம் நோய் எதிர்ப்புச் சக்தியில் தெரிந்த பாதிப்பு. ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் இவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்று மறுத்தது. இருந்தாலும் 2025 ஜனவரியில் உணவோடு தொடர்புபடும் பொருள்களில் பிபிஏவுக்கு ஐரோப்பியத் தடை அமலுக்கு வந்தது, மாறுவதற்குக் கால அவகாசத்தோடு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய கப் எல்லாம் அதில் அடக்கம். குப்பையையும் கால்வாய் அடைப்பையும் நினைத்துப் போட்ட தடை அது, ஆனால் ஒழுங்காகப் பின்பற்றினால் நம் உடலுக்கும் காவல். உணவகத்தில் இலையும் எவர்சில்வரும் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டில் குவிந்திருக்கும் டப்பாக்களை என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டாம். பருப்பு, மிளகாய், கடுகு போன்ற உலர்ந்த பொருள்கள் டப்பாவில் இருக்கலாம். சூடானது, எண்ணெய் உள்ளது, புளிப்பானது இவை எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் போகட்டும். ஊறுகாயைக் கண்டிப்பாக மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாம் என்று எழுதியிருந்தாலும் பிளாஸ்டிக்கை அதில் வைக்காதீர்கள். அந்த எழுத்துக்கு டப்பா உருகாது என்று மட்டுமே பொருள். கீறல் விழுந்தது, மங்கியது, அடியில் 3 (பிவிசி) அல்லது 7 எண் உள்ளது இவற்றை முதலில் கழியுங்கள். கழித்ததைப் பழைய பொருள் வாங்குபவரிடமோ தூய்மைப் பணியாளரிடமோ பிரித்துக் கொடுங்கள். கொல்லையில் போட்டுக் கொளுத்த வேண்டாம். பிவிசி எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், அதுவும் கருவளத்தைக் கெடுக்கும் பொருள், உடலை விட்டுப் போகப் பல வருடம் எடுக்கும்.